காரை விற்ற கதையும் காசு வாங்கிய கணக்கும்



நம் வீட்டு வெள்ளை வேகன்ஆர் விற்றாகிவிட்டது என்று கேள்விப்பட்டுப் பதினைந்து பேராவது போன் செய்துவிட்டீர்கள். பாதிப் பேர் "ஏன் டீச்சர் வித்தீங்க?" என்று வருத்தப்பட்டீர்கள். மீதிப் பேர் "வாங்கினவரு ஓசூராமே, முன்னப்பின்ன தெரியாதவருகிட்ட எப்படி டீச்சர் பணம் வாங்கினீங்க?" என்று கேட்டீர்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்லித் தொண்டை வற்றிப்போனதால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான். வகுப்பில் இருந்தது போலக் கடைசி பெஞ்சில் தூங்காமல் படியுங்கள்.

ஏன் விற்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சார் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் 2015-இல் வாங்கிய வண்டி அது. அவர் காலமான பிறகு வாரிசுச் சான்றிதழ் வைத்து, படிவம் 31 கொடுத்து, வண்டியை என் பெயருக்கு மாற்றினோம். எனக்கு ஓட்டத் தெரியாது. மகன் வெளிநாட்டில், மகள் கோவையில். வண்டி போர்டிகோவில் தூசி பிடித்து நின்றது. இரண்டு தடவை பேட்டரி மாற்றினோம். இந்த ஆண்டு பேத்தி நர்சிங் படிப்பில் சேர்ந்தாள். "தாத்தா வண்டி உனக்குக் கட்டணமாகப் போகட்டும்" என்று முடிவு செய்தேன். அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆகவே அந்தப் பணம் எனக்கு வெறும் பணம் இல்லை. ஒரு ரூபாய்கூட வழியில் சிந்தக் கூடாது என்று நினைத்தேன்.

உள்ளூரில் கேட்டவர்கள் மிகக் குறைத்துக் கேட்டார்கள். மகள் இணையத்தில் விளம்பரம் கொடுத்தாள். அன்று மாலையே போன்.

முதலில் பேசியவர் தன்னை ராணுவத்தில் இருப்பவர் என்றார். கோவைக்கு மாற்றலாகி வருகிறாராம். வண்டியைப் பார்க்க வேண்டாமாம், படமே போதுமாம். மூன்று லட்சம் சொன்னோம், ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை. சீருடையில் ஒரு படம், அடையாள அட்டை ஒன்று, ஆதார் அட்டை ஒன்று எல்லாம் வாட்ஸப்பில் வந்து விழுந்தன. நாம் கேட்கவே இல்லை. பிள்ளைகளே, கத்தரிக்காய் வாங்குகிறவர்கூட ஒன்றைத் திருப்பிப் பார்த்து, காம்பு வாடியிருக்கிறதே என்பார். மூன்று லட்சத்துக்குக் கார் வாங்குகிறவர் கதவைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன் என்றால் அவருக்குத் தேவை கார் இல்லை.

அடுத்து ஒரு கியூஆர் கோடு வந்தது. "மேடம், இதை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பர் போடுங்க. முதல்ல அஞ்சு ரூபாய் வரும். அப்புறம் அட்வான்ஸ் வரும்" என்றார். "பணம் வாங்குவதற்கு நான் எதற்குப் பின் போட வேண்டும்?" என்று கேட்டேன். "இது மிலிட்டரி அக்கவுண்ட் மேடம், இதில் அப்படித்தான்" என்றார். "அப்படியானால் எனக்கு வேண்டாம், தம்பி" என்றேன். அதுவரை மேடம் மேடம் என்றவர் குரலை உயர்த்தி, "ராணுவத்தையே சந்தேகப்படுகிறீர்களா?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டு அந்த எண்ணைத் தடை செய்தேன்.

நம் ஊரில் ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு உண்டா? அந்த மரியாதையைத்தான் இவர்கள் முதலீடாகப் போடுகிறார்கள்.

இதில் ஒரே ஒரு பாடம்தான், ஒன்றாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்யுங்கள். யுபிஐயில் பணம் வருவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண் என்பது நம் பெட்டியைத் திறக்கும் சாவி. உள்ளே போடுகிறவருக்கு நம் சாவி எதற்கு? கோடை ஸ்கேன் செய்து பின் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் வெளியேதான் போகும். எந்த வங்கியிலும், எந்தச் செயலியிலும் இதற்கு விதிவிலக்கு கிடையாது.

இதையே வேறு வேறு வேடத்தில் செய்வார்கள். "வண்டியை எடுத்துப் போக லாரி அனுப்புகிறேன், அதற்கு இன்சூரன்ஸ் மட்டும் நீங்கள் கட்டுங்கள், மொத்தமாகச் சேர்த்துத் தருகிறேன்" என்பார்கள். "தவறிப்போய் ஐம்பதாயிரம் கூடுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தியைக் காட்டுவார்கள். "நடுவில் ஒரு நிறுவனம் பணத்தைப் பாதுகாத்து வைக்கும், இந்த லிங்கைத் தொடுங்கள்" என்பார்கள். திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே உரைகல் போதும். விற்கிறவர் நாம். பணம் நம் பக்கம்தான் வர வேண்டும். நம் கையிலிருந்து ஒரு ரூபாயாவது போக வேண்டும் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்துத்தான் ஓசூர்த் தம்பி பேசினார். கணவன் மனைவி இருவரும் தொழிற்சாலையில் வேலை. கைக்குழந்தை இருக்கிறது. முதல் கார். என்ன சர்வீஸ் ஆனது, டயர் எத்தனை ஓடியது, முன்பக்கம் அடிபட்டதா என்று நாற்பது நிமிடம் கேள்வி கேட்டார். வண்டி எண்ணைச் செயலியில் போட்டுப் பதிவுத் தேதி, காப்பீடு முடியும் தேதி எல்லாம் பார்த்துவிட்டு, அதற்கு மேலும் கேட்டார். விலையிலும் விடவில்லை. கடைசியில் இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் என்று முடிந்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. உண்மையில் வாங்குகிறவர் இப்படித்தான் பிடுங்கி எடுப்பார்.

ஆனாலும் தென்காசிக்கும் ஓசூருக்கும் நடுவே ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது. நான் பயந்த அளவுக்கு அவரும் பயந்துகொண்டிருந்தார். அவர் மனைவி போனை வாங்கி, "தப்பா நினைக்காதீங்கம்மா, சீட்டுப் பணம் எடுத்து வாங்குறோம். வண்டியைப் பார்க்காம அனுப்பப் பயமா இருக்கு" என்றார். "தப்பே இல்லை மா, பயப்படத்தான் வேண்டும். இருவருமே பயப்பட வேண்டாத மாதிரி ஒரு வழி செய்வோம்" என்றேன்.

2003-இல் ஏழாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன் இப்போது வங்கியில் அதிகாரி. அவனிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு படியாக எழுதி வைத்தேன். அந்தத் தாளைத்தான் இப்போது உங்களுக்குத் தருகிறேன்.

முதல் படி, முன்பணம். ஐயாயிரம் மட்டும், அவர் பெயரிலுள்ள கணக்கிலிருந்து. வண்டியைப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தருவேன், பிடித்தும் வாங்காமல் போனால் திருப்ப மாட்டேன் என்று வாட்ஸப்பில் எழுத்தாகவே இருவரும் ஒத்துக்கொண்டோம். என் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எண் மட்டும் கொடுத்தேன். ஆதார், பான் அட்டைப் படங்களை அனுப்பவில்லை. ஆர்சி புத்தகம், காப்பீட்டுத் தாள் இவற்றின் முழுப் படத்தையும் அனுப்பவில்லை. அந்தப் படங்களை வைத்தே நம் வண்டியைத் தங்கள் வண்டி என்று வேறு யாருக்கோ விற்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அசலை நேரில் வந்து பார்க்கட்டும்.

இரண்டாம் படி, யார் கணக்கு என்பது. தம்பி ஒருநாள் கூப்பிட்டு, "அம்மா, எங்க மாமாவோட நண்பர் ஒருத்தர் கணக்கிலிருந்து அனுப்பிடட்டுமா? அவர் எங்களுக்குத் தரவேண்டிய பணம்" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். காரணத்தைச் சொன்னேன். யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் ஒரு கணக்குக்கு வந்தால், புகார் போனதும் காவல்துறை அந்தக் கணக்கை முடக்கச் சொல்லும். அதை வாங்கியவர் நல்லவரா, உண்மையிலேயே பொருளை விற்றவரா என்பதெல்லாம் பிறகுதான் விசாரணைக்கு வரும். அதுவரை என் பென்ஷன் வந்து விழும் கணக்கு முடங்கிக் கிடக்கும். "உங்கள் மாமாவின் நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் உங்களுக்கு அனுப்பட்டும், நீங்கள் எனக்கு அனுப்புங்கள்" என்றேன். யோசித்துவிட்டு, "சரிங்கம்மா, அதுவும் நியாயந்தான்" என்றார். பணம் வருவதை மட்டும் பார்த்தால் போதாது பிள்ளைகளே, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள்.

மூன்றாம் படி, எந்த வழியில். அவர் அப்பா ரொக்கமாகத் தருகிறேன் என்றார். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ஒரே விற்பனைக்கு ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரலிலிருந்து தடை செய்திருக்கிறது. இரண்டு மூன்று நாளாகப் பிரித்து வாங்கினாலும் அது ஒரே விற்பனைதான். வாங்கியவருக்குத்தான் அபராதம், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே. உங்கள் ஸ்கூட்டி, பைக் போல இரண்டு லட்சத்துக்குக் குறைந்த விலை என்றால் ரொக்கம் வாங்கலாம். ஆனால் வங்கிக் கவுண்ட்டரில் நின்று வாங்கி, அங்கேயே எண்ணிக் கணக்கில் கட்டிவிடுங்கள். கள்ள நோட்டு இருந்தால் அவர் முன்னாலேயே தெரிந்துவிடும். பான் எண் கேட்கலாம், கையில் இருக்கட்டும்.

காசோலை வேண்டாம். நம் கணக்கில் போட்ட அன்றே குறுஞ்செய்தி வரும். ஆனால் அது காசோலை வந்து சேர்ந்தது என்ற செய்திதானே தவிர, பணம் வந்தது என்ற செய்தி இல்லை. பணமில்லை என்று திரும்பி வரும்போது வண்டி மாவட்டம் தாண்டியிருக்கும். வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. நம் வயதில் கோர்ட்டுக்கு அலைய முடியுமா? டிமாண்ட் டிராஃப்ட் பரவாயில்லை, ஆனால் அதிலும் போலி உண்டு. 2018 செப்டம்பர் 15 முதல் டிராஃப்டின் முகப்பிலேயே அதை எடுத்தவர் பெயரும் அச்சாகி வருகிறது. வாங்குபவர் பெயரோடு அது ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு அதை வழங்கிய கிளையிடம் விசாரியுங்கள். தாளில் இருக்கும் போன் எண்ணைக் கூப்பிடாமல், உங்கள் வங்கி மூலமாகவே கேளுங்கள்.

கடைசியில் ஆர்டிஜிஎஸ் என்று முடிவு செய்தோம். இரண்டு லட்சத்துக்குக் குறையாத தொகைக்கானது அது. அதற்குக் குறைந்தால் நெஃப்ட் போதும். ஆர்டிஜிஎஸ்ஸில் பணம் வந்து சேர்ந்துவிட்டால் அனுப்பியவர் தானாக அதைத் திரும்ப இழுத்துக்கொள்ள முடியாது. இரண்டுமே இப்போது இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கின்றன. ஆனாலும் நான் வேலை நாள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையிலும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமையிலும் பணம் வரும், அது வந்ததா என்று கேட்கக் கவுண்ட்டரில் ஆள் இருக்காது. இன்னொன்றும் அந்த மாணவன் சொன்னான். புதிதாக ஒருவர் கணக்கைச் சேர்த்தால் முதல் நாள் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை. ஆகவே கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே என் கணக்கைச் சேர்த்து வைக்கச் சொன்னேன். இல்லையென்றால் அவ்வளவு தூரம் வந்து, பணம் அனுப்ப முடியாமல் இரு தரப்பும் சங்கடப்பட்டிருப்போம்.

நான்காம் படி, கைமாறும் நாள். ஒரு புதன்கிழமை காலை தம்பியும் அவர் அப்பாவும் வந்தார்கள். இட்லி சாப்பிட்டார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். சாவி என்னிடம், வண்டியில் உடன் என் அண்ணன் மகன். அசல் ஆர்சியையும் என் அடையாள அட்டையையும் அவர்களுக்குக் காட்டினேன். அவருடையதை நானும் பார்த்துக்கொண்டேன். பிறகு எல்லோரும் என் வங்கிக் கிளைக்குப் போனோம். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து தம்பி தன் போனிலிருந்து இரண்டு லட்சத்து எண்பதாயிரம் அனுப்பினார். "போயிருச்சும்மா" என்று திரையைக் காட்டினார். பச்சை டிக், பரிவர்த்தனை எண் எல்லாம் இருந்தது. என் போனிலும் ஒரு குறுஞ்செய்தி ஒலித்தது.

நான் எழுந்து போய்ப் பாஸ்புக்கில் வரி பதிந்து வாங்கினேன். அவர் பெயரும் தொகையும் அதில் இருந்தன. அதற்குப் பிறகுதான் சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பணம் போய்விட்டது போலத் திரையில் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. வங்கி அனுப்பியது போலக் குறுஞ்செய்தியும் செய்துவிடலாம். அடுத்தவர் திரை சாட்சி இல்லை. நம் போனுக்கு வந்த செய்தியும் சாட்சி இல்லை. நம் கணக்கின் இருப்புதான் சாட்சி. பாஸ்புக், கவுண்ட்டர், அல்லது நாமே திறந்த நம் வங்கிச் செயலி, இவற்றில் ஒன்றில் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். "சர்வர் மெதுவா இருக்கு, சாயங்காலம் ஏறிடும்" என்றால் சாயங்காலமே சாவி.

ஐந்தாம் படி, தாள்கள். பணம் வந்த பிறகே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகுதான் போட்டேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம், அதை விட்டுவிடுங்கள். விற்பனை ரசீதில் தேதியோடு நேரத்தையும் எழுதினோம். பகல் 12.10. அதற்குப் பிறகு வரும் அபராதமோ விபத்தோ யார் பொறுப்பு என்று சொல்ல அந்த நேரம் உதவும்.

பணம் வந்துவிட்டது, வண்டி போய்விட்டது, நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவர் பதினான்கு நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போகிற வண்டி என்றால் நாற்பத்தைந்து நாள், கூடவே படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த வண்டி அதற்குள் பல கை மாறியிருந்தது. வாங்கிய பணத்தைவிடப் பல மடங்கு கொடுக்கும் நிலை வரலாம் என்பதால்தான் சொல்கிறேன். ஃபாஸ்டேகை மூடச் சொல்லி அன்றே எழுதிக் கொடுத்தேன், இல்லையென்றால் ஓசூர் வரை சுங்கச்சாவடிக் கட்டணம் என் கணக்கில் போகும். காப்பீட்டை அவர் பெயருக்கு மாற்றச் சொன்னேன். உரிமை கோராததற்கான போனஸ் வண்டியோடு போகாது, அது விற்றவருக்கே சொந்தம். மகள் கார் வாங்கும்போது நம் பெயரில் வாங்கினால் உதவும் என்று அதற்கான கடிதத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றரை மாதத்தில் புது ஆர்சியின் படம் வந்தது. குழந்தை ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் படமும் வந்தது.

இவ்வளவு எழுதியதற்கு உண்மையான காரணம் இன்னொன்று.

எங்கள் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பெயர் வேண்டாம். தன் ஸ்கூட்டரை விற்க விளம்பரம் கொடுத்தார். எனக்கு வந்தது போன்ற போன்தான் அவருக்கும் வந்தது. நான்கு தடவையாக அறுபத்தெட்டாயிரம் போய்விட்டது. மூன்று வாரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சாப்பாடு குறைந்து, உடம்பு இளைத்து, ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் வெளியே வந்தது. "நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் கணக்கில் ஏமாந்தான்னு ஊர் சிரிக்கும்னு பயந்துட்டேன் டீச்சர்" என்று என்னிடம் சொன்னார். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். சைபர் குற்றங்களுக்கான அரசு உதவி எண் அது. உடனே சொன்னால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்தி வைக்க வழி உண்டு. நம் வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். மூன்று வாரம் கழித்துச் சொன்னபோது அவருடைய பணம் எங்கெங்கோ போய்விட்டது. அவருடைய மௌனம்தான் திருடனுக்கு அவகாசம் கொடுத்தது. அந்த மௌனத்துக்குக் காரணம் நாம் சிரிப்போம் என்ற பயம்.

இன்னொன்றும் யோசித்தேன். நம் தலைமுறைக்கு, எதிரில் இருப்பவரைச் சோதிப்பது மரியாதைக் குறைவு என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். பணத்தை எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டால்தான் பெரிய மனிதத்தனம். "என்னை நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டால் நமக்கு நா எழாது. திருடன் அந்த இடத்தில்தான் கை வைக்கிறான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொன்னவர்களும் நம் பாட்டிமார்தான். ஓசூர்த் தம்பியிடம் நான் கேட்ட கேள்விகள் எதற்கும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது அவர் அப்பா, "நீங்க இவ்வளவு விவரமா கேட்டதாலதாம்மா எங்களுக்கும் நம்பிக்கை வந்துச்சு" என்றார். நேர்மையானவருக்குச் சோதனை சுமை இல்லை. கோபம் வருகிறவரிடம்தான் நாம் விலகி நிற்க வேண்டும்.

உங்களில் பலருக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் அம்மா அப்பாவுக்குத் தெரியுமா? இந்த வாரம் ஒரு நாள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பணம் வாங்கப் பின் எண் வேண்டாம் என்பதை ஒரு ரூபாய் அனுப்பிக் காட்டிக் கொடுங்கள். 1930-ஐ அவர்கள் போனில் பதிந்து வையுங்கள். முக்கியமாக ஒன்று: "ஏதாவது ஆனால் என்னிடம் உடனே சொல்லுங்கள், நான் திட்ட மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

படித்து முடித்தவர்கள் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். வண்டி விற்க இருப்பவர்கள் தாராளமாகப் போன் செய்யுங்கள், மதியம் இரண்டு முதல் நான்கு வரை மட்டும் வேண்டாம், டீச்சர் தூங்கும் நேரம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்